மேல்மாடி வேண்டாம், தம்பி

சாய்ந்தமருது
2025 ஆகஸ்ட் 20, புதன் இரவு

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உம்மாவின் முழங்கால் நோவு பழையபடிதான். தங்கச்சி ஒலுவில் கெம்பஸில் கடைசிப் பரீட்சையை எழுதி முடித்துவிட்டாள். மருமக்கள் இரண்டும் நீ அனுப்பிய சப்பாத்தைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறார்கள். உன் சுகத்தை நான் கேட்கப் போவதில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தபடியால்தான் போனை வைத்துவிட்டுப் பேனையை எடுத்தேன். போனில் சொன்னால் "சரி ராத்தா, சரி ராத்தா" என்று பாதியில் வெட்டிவிடுவாய். கடிதத்தை வெட்ட ஏலாது.

லீவில் வந்த அடுத்த வளவுக் காக்கா ஞாயிற்றுக்கிழமை தம்மாமுக்குத் திரும்புகிறார். அவர் கையில் இதைத் தருகிறேன். வாசித்து முடிந்ததும் கிழித்துப் போடு. அறையில் வைத்திருக்காதே.

போன வெள்ளி இரவு நீ வீடியோவில் வந்தாய். இங்கே 2 மணி, உங்களுக்குப் பதினொன்றரை. உம்மா விழித்தெழுந்து வந்து பார்த்துவிட்டு, "புள்ள இண்டைக்கு நல்லாக் கதைக்கான்" என்று சந்தோசப்பட்டுப் போய்ப் படுத்தா. எனக்குத் தூக்கம் வரவில்லை. நீ சின்ன வயசிலிருந்தே ஒரு கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் சொல்கிற பிள்ளை. அன்றைக்கு ஒரு கதை முடிய முன் அடுத்த கதைக்குத் தாவினாய். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. கண்மணி அகன்றிருந்தது. வாயில் ஒன்றுமில்லை, ஆனாலும் தாடை எதையோ மென்றுகொண்டே இருந்தது. 15 வருஷமாக வார்ட்டில் நிற்கிறவள் நான். அந்தத் தாடை அசைவை வேறு பிள்ளைகளில் பார்த்திருக்கிறேன். என் வீட்டுப் பிள்ளையில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

மறுநாள் குரல் செய்தி அனுப்பினாய்: குறுக்கு நோவுகிறது, பிரிகாபலின் குளிசை இரண்டு கார்ட் காக்காவிடம் கொடுத்தனுப்பு, இங்கே துண்டு இல்லாமல் தருகிறார்கள் இல்லை என்று. அதைக் கேட்டதும் கை கால் ஓடவில்லை. அங்கே டொக்டரின் துண்டில்லாமல் அது கிடைக்காததற்குக் காரணம் இருக்கிறது தம்பி. பிரிகாபலின், ட்ராமடோல் எல்லாம் வளைகுடா நாடுகளில் கட்டுப்பாட்டு மருந்துகள். ஒழுங்கான கடிதமில்லாமல் அடுத்தவன் பையில் இரண்டு கார்ட் கிடந்தால், ஏயார்போர்ட்டில் அவன்தான் குற்றவாளி. காக்காவுக்கு மூன்று பிள்ளைகள். உன் குறுக்கு நோவுக்காக அந்த மனுசனைச் சிறைக்குள் தள்ளப் பார்த்தாயா? உனக்கு அந்த எண்ணம் இல்லை என்று எனக்குத் தெரியும். தூக்கம் கெட்டவனுக்கு இவ்வளவு தூரம் யோசனை ஓடாது.

பிறகு நான் கேட்கக் கேட்கத்தான் மற்றது வந்தது. லொறிக்காரன் ஒருவன் தந்தது, பிறை போட்ட சின்னக் குளிசை, கிழமையில் இரண்டு தரம்தான், தூக்கம் வராமல் இருக்கத்தான். எல்லாவற்றுக்கும் "தான்" போட்டுச் சின்னதாக்கினாய்.

அந்தக் குளிசையின் பெயரை நீ சொல்லவில்லை. நான் சொல்கிறேன்: கெப்டகன். அந்தப் பிறைகளை வைத்து அரபியில் அதற்கு 'அபூ ஹிலாலைன்' என்று பெயர், இரண்டு பிறைக்காரன். 1960களின் தொடக்கத்தில் ஜேர்மனியில் அது மருந்தாகத்தான் வந்தது. 1986இல் உலகம் முழுக்கக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏற்றிய பிறகு கம்பனிகள் அதைக் கைவிட்டன. பெயர் மட்டும் கள்ளச் சந்தைக்குப் போய்விட்டது. இன்றைக்கு அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் அம்பெட்டமைனையும் கபேனையும் கலந்து அடித்த குளிசை. சிரியாவில் 2024 டிசம்பரில் அசாத்தின் ஆட்சி விழுந்தபோது, அதைச் செய்த இடங்கள் களஞ்சியம் களஞ்சியமாக வெளியே வந்ததை நீயும் செய்தியில் பார்த்திருப்பாய். எந்தக் குளிசையில் எது எவ்வளவு என்று அதை விற்கிறவனுக்கே தெரியாது. உன் லொறிக்காரனுக்கு எப்படித் தெரியும்?

அது என்ன செய்கிறது என்று உனக்கு விளங்கச் சொல்கிறேன். தூக்கம் உன் உடம்பில் அப்படியே கிடக்கிறது. தூக்கம் வந்திருக்கிறது என்று உனக்குச் சொல்கிற வாயைத்தான் அந்தக் குளிசை பொத்துகிறது. பசி சொல்கிற வாயையும், களைப்புச் சொல்கிற வாயையும் கூடத்தான். நெஞ்சு அடிக்கிற அடி கூடும், பிரஷர் ஏறும், உடம்புச் சூடும் ஏறும். நீ இருப்பது தம்மாமில், ஆகஸ்ட் மாதத்தில், கொன்டெய்னருக்குள் ஏறிப் பெட்டி இறக்குகிற வேலையில். வெளிச் சூடு 45 பாகை. உள்ளே குளிசையின் சூடு. தாகம் தெரியாத உடம்பு. அதற்கு மேல் குறுக்கு நோவுக்கு டைக்குளோபினக், ஒவ்வொரு நாளும். தண்ணீர் வற்றின உடம்பில் அந்த நோவுக் குளிசை சிறுநீரகத்துக்குப் போகிற இரத்தத்தைக் குறைக்கும். ஒரு நாள், இரண்டு நாள் என்றால் உடம்பு தாங்கும். மாதக்கணக்கில் என்றால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. நீ வாப்பாவைப் பார்த்தவன்.

வாப்பாவைப் பற்றி உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. 2009இல் வாப்பா போதும் என்று வேலையை விட்டு வந்தார் என்றுதான் உனக்குச் சொல்லி வளர்த்தோம். அப்போது உனக்கு 9 வயசு. வாப்பா விட்டு வரவில்லை தம்பி. மெடிக்கலில் தோற்று அனுப்பப்பட்டார். சீனி வருத்தம் இருப்பது அதற்கு மூன்று வருஷத்துக்கு முன்னமே அவருக்குத் தெரியும். வேலை போய்விடும் என்று யாருக்கும் சொல்லவில்லை, மருந்தும் ஒழுங்காக எடுக்கவில்லை. ரியாத்துக்கும் ஜித்தாவுக்கும் இடையில் லொறி ஓட்டியவர். வழியில் நிறுத்தினால் நேரம் போகும் என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார். தூக்கத்தை விரட்ட இனிப்புச் சோடா, முதுகு நோவுக்குக் குளிசை. அவருடைய பழைய பையைத் துப்புரவாக்கும்போது அடியில் வெற்றுக் கார்ட்டுகள் ஒரு பிடி கிடந்தன. உம்மா அதை எடுத்து அடுப்பில் போட்டா. "அவன்ட காதில போடாத" என்று என்னிடம் சத்தியம் வாங்கினா. இன்றைக்கு அந்தச் சத்தியத்தை முறித்துத்தான் எழுதுகிறேன்.

16 வருஷம் சவூதியில் உழைத்து எனக்கு ஒரு வீடு கட்டினார். அந்த வீட்டில்தான் இப்போது இருந்து எழுதுகிறேன். 2017இலிருந்து டயலிசிஸ். ஒரு தரம் போனால் நாலு மணித்தியாலம். கூட்டிக்கொண்டு போய் வருவதில் நாள் முழுக்கப் போய்விடும். இரண்டு வருஷம் அப்படி இழுத்தார். கதிரை போட்டுக் காற்று வாங்க வேண்டும் என்று வீட்டுப் படத்தில் அவரே பென்சிலால் கோடு போட்டுக் கேட்ட விறாந்தை. அதில் அவர் நிம்மதியாக இருந்த நாட்களை விரல் விட்டு எண்ணலாம். அந்த விறாந்தைத் தூணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உன் மச்சானிடம்கூட.

நம்முடைய பக்கத்து வழக்கம் உனக்குத் தெரிந்ததுதான். பெண் பிள்ளைக்கு வீடு இல்லாமல் கலியாணம் இல்லை. மாப்பிள்ளை வந்து ஏறுகிற வீட்டை வாப்பா கட்ட வேண்டும். வாப்பா இல்லாவிட்டால் காக்காவோ தம்பியோ கட்ட வேண்டும். அதனால் இந்தக் கரையில் பெண்களுக்குச் சொந்தமாக ஒரு கூரை இருக்கிறது, அது நல்லதுதான். புருசன் விட்டுப் போனாலும் தெருவுக்கு வர மாட்டாள். ஆனால் அந்தக் கூரைக்கு யார் உடம்பைக் கொடுக்கிறார்கள் என்று நாங்கள் பெண்கள் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. 19 வயசில் சாவியை வாங்கிக்கொண்டேன்.

இப்போது தங்கச்சிக்குப் பேசி வருகிறவர்கள் கீழ்வீடு போதாது, மேல்மாடியும் வேண்டும் என்கிறார்கள். அதை உன் காதில் போட்டது உம்மா. போடாதே என்று தடுக்காதது நான். அதிலிருந்துதான் உன் இரவு வேலை தொடங்கியது. இந்தக் கணக்கை நான் சரியாகத்தான் போட்டிருக்கிறேன்.

உன்னை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. 2021இல் இரசாயனப் பசளையை ஒரே இரவில் நிறுத்தினார்கள். நீ குத்தகைக்கு எடுத்த வட்டையில் அந்தப் பெரும்போகம் பாதியும் தேறவில்லை. இலை மஞ்சளாகி நின்ற வயலுக்குள் நீ கையைப் பிசைந்துகொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அடுத்த வருஷம் நாடே விழுந்தது. ஜனவரியில் 177 ரூபாய்க்கு விற்ற பெற்றோல் ஜூன் முடிவில் 470. நான் ஆஸ்பத்திரிக்கு மச்சானின் பழைய சைக்கிளில் போன காலம் அது. வார்ட்டில் சேலைன் போத்தலை எண்ணி எண்ணிக் கொடுத்தோம். வெளியில் வாங்கி வாருங்கள் என்று துண்டைக் கொடுத்தால், கையில் காசில்லாமல் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றவர்கள் எத்தனை பேர். அந்த ஒரு வருஷத்தில் இந்த நாட்டில் ஏழைகளின் பங்கு 13 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாக, ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது என்று உலக வங்கி கணக்குச் சொன்னது. அதே 2022இல் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலைக்கென்று நாட்டை விட்டுப் போனார்கள். அவர்களில் நீயும் ஒருவன். உம்மாவின் இரண்டு காப்பையும் ஈடு வைத்து அனுப்பினோம்.

நீ போன நேரம் றியாலுக்கு 95 ரூபாய்க்கு மேல் வந்தது. அந்த வருஷத் தொடக்கத்தில் 54கூட இல்லை. நீ அனுப்புகிற காசு இங்கே பெருகி வருகிறது என்று எல்லோரும் மகிழ்ந்தோம். சாமான் விலை அதைவிட வேகமாக ஓடியது. 2022 செப்டம்பரில் கொழும்புப் பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுக்கு மட்டும் பார்த்தால் 94.9. இப்போது பணவீக்கம் இறங்கிவிட்டது என்று செய்தியில் சொல்கிறார்கள். விலை இறங்கவில்லை, ஏறுகிற வேகம்தான் நின்றது. றியாலோ 80க்கு வந்துவிட்டது. அதனால் அதே காசுக்கு நீ இன்னும் கூட ஓட வேண்டியிருக்கிறது. நீ பேராசைப்பட்டு இதற்குள் விழவில்லை. எங்களுக்காகக் கணக்குப் போட்டுப் போட்டு விழுந்தாய்.

இருந்தாலும் ஏசாமல் இருக்க முடியவில்லை. வெயில் காலத்தில், ஜூன் 15இலிருந்து செப்டம்பர் 15 வரை, பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று அந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. கூலிக்காரனின் உடம்புக்காக வைத்த மூன்று மணித்தியாலம். அதையும் நீ விற்றுவிட்டாய். அந்த நேரத்திலும் இரவிலும், வேறொருவன் பெயரில் உள்ள கணக்கில், சாப்பாட்டுப் பொதி கொண்டுபோய்க் கொடுக்கிறாய். உன் இகாமாவில் எழுதிய முதலாளியைத் தவிர வேறு இடத்தில் வேலை செய்வது குற்றம் என்று தெரிந்துகொண்டே. ஒரு நாள் கண் அயர்ந்து எங்காவது மோதினால் முதலில் இரத்தமும் சலமும் எடுப்பார்கள். குளிசை அதிலே தெரியும். பிறகு நீ விபத்தில் அகப்பட்ட பிள்ளை இல்லை, போதைவஸ்துக் கேஸ். சிறை, நாடுகடத்தல், திரும்பப் போகவே முடியாத தடை. குளிசையைக் கையில் வைத்திருந்து கொண்டுவந்தவன் என்று எழுதிவிட்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே என் கை நடுங்குகிறது. போதைக் கடத்தலுக்கு மரண தண்டனையை அங்கே 2022 நவம்பரில் மீண்டும் நிறைவேற்றத் தொடங்கினார்கள். அங்கே மரண தண்டனை கொடுக்கப்பட்ட மூதூர் ரிஸானாவின் செய்தி வந்த 2013 ஜனவரி 9ஆம் திகதி உம்மா சோறு ஆக்கவில்லை, ஞாபகமா? முன்பின் தெரியாத அந்தப் பிள்ளைக்காக அழுத உம்மாதான் இவ.

உன்னுடன் கடற்கரையில் பந்தடித்த ஒருவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். வார்ட்டில் கண்டதை வெளியில் சொல்லக் கூடாது, ஆகவே பெயர் கேட்காதே. 2022இல் பெற்றோல் இல்லாமல் முச்சக்கரவண்டி வளவுக்குள் நின்றது, லீசிங் காசு ஏறிக்கொண்டே போனது. பெற்றோல் வந்த பிறகு விட்டதைப் பிடிக்க இரவிலும் ஓடினான். அதற்குத் தெம்பு தருகிறேன் என்று ஒருவன் ஐஸ் கொடுத்தான். அவனும் கிழமையில் இரண்டு தரம்தான் என்றுதான் தொடங்கியிருக்கிறான். ஒன்றரை வருஷத்தில் வண்டியும் போய், பெண்சாதியும் தாய்வீட்டுக்குப் போய், சுவருக்குள் ஆள் கதைக்கிறார்கள் என்று காதைப் பொத்திக்கொண்டு என் வார்ட்டுக்கு வந்தான். 25 வயசில் முன்பல் இல்லை. "மிஸ், நீங்க அவன்ட ராத்தாதானே?" என்று கேட்டான். ஊசி போட்டுவிட்டு மருந்து அறைக்குள் போய் அழுதேன். இப்போது தேறி வருகிறான். கட்டாருக்குப் போக மெடிக்கலில் பாஸாகி, பொலிஸ் கிளியரன்ஸில் நின்றுவிட்டான். பழைய வழக்கு ஒன்று. 2022 நவம்பரில் திருத்திய சட்டத்தில் ஐஸ் 5 கிராம் வைத்திருந்தாலே ஆயுள் தண்டனை அல்லது மரண தண்டனை என்று வந்துவிட்டது. அந்த அளவு அவனிடம் இருக்கவில்லை, அது அல்லாஹ் செய்த உபகாரம். ஊரில் அவனுக்கு வேலை கொடுக்க ஆள் இல்லை. ஐஸும் உன் குளிசையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். நீ இரண்டையும் வேறு வேறு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய், அதுதான் எனக்குப் பயம்.

இளம் உடம்பு தாங்கும் என்று சொல்வாய். கட்டாரில் இருந்த நேபாளத் தொழிலாளர்களைப் பற்றி 2019இல் ஓர் ஆய்வு வந்தது. 2009க்கும் 2017க்கும் இடையில் இருதயக் காரணம் என்று எழுதப்பட்ட 571 மரணங்களில் 200 வரை, சூட்டிலிருந்து காத்திருந்தால் தவிர்த்திருக்கலாம் என்று கண்டார்கள். எல்லாரும் ஊரில் மெடிக்கல் பாஸாகிப் போனவர்கள். உன் வயசுப் பிள்ளைகளும் அதில் நிறைய. இரவு படுத்தவன் காலையில் எழும்பவில்லை என்று அறைக் கூட்டாளிகள் சொன்ன கதைகள். எல்லோரும் குளிசை போட்டவர்களில்லை. குளிசை போடாமலே இப்படியென்றால் உனக்கு எப்படி இருக்கும் என்று யோசி.

சரி, ஏச்சுப் போதும். நான் என்ன முடிவெடுத்தேன் என்று கேள்.

திங்கட்கிழமை மேசனைக் கூப்பிட்டுக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டேன். மேல்மாடி இல்லை. "கம்பி துருப்பிடிச்சிப் போகும் புள்ள" என்றார். போகட்டும் என்றேன். தங்கச்சியையும் உம்மாவையும் இருத்தி உன் விசயத்தைச் சொன்னேன். குளிசையைச் சொல்லவில்லை, இரவு வேலையையும் குறுக்கு நோவையும் சொன்னேன். தங்கச்சி எழும்பி உள்ளே போய் அவளுடைய கைச்சங்கிலியைக் கொண்டுவந்து உம்மாவின் மடியில் வைத்தாள். "மாடி கேக்கிற மாப்பிள்ளை எனக்கு வேணாம், காக்காவ வரச் சொல்லுங்க" என்றாள். நாம் இன்னும் குழந்தை என்று நினைத்திருந்த பிள்ளை. உன் மச்சானுடனும் கதைத்துவிட்டேன். என் வளவில் கிணற்றடிப் பக்கத்துப் பாதியைத் தங்கச்சியின் பெயருக்கு உறுதி எழுதப் போகிறேன். கீழ்வீடு கட்டியது போதும், வளவு பெரிதாகட்டும். அதற்கு மேல் கேட்கிறவர்கள் வேறு வாசல் பார்க்கட்டும்.

நீ மறுப்பாய். 2004 டிசம்பர் 26 சுனாமிக் காலையில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் கரைவாகு வட்டையால் ஓடிய கதையை எடுப்பாய். "நீ தூக்கிட்டு ஓடின கடன் ராத்தா" என்று எத்தனை தரம் சொல்லியிருக்கிறாய். எனக்கு அப்போது 16 வயசு. உம்மா தங்கச்சியைத் தூக்கினா, மிச்சம் நீ இருந்தாய், தூக்கினேன். வரம்பில் இரண்டு தரம் விழுந்தோம். சம்மாந்துறையில் போய் நின்ற பிறகும் உன்னை இறக்கிவிடக் கை வரவில்லை. அதிலே கடன் என்று ஒன்று எங்கே இருக்கிறது? அந்தச் சொல்லை இனி என்னிடம் சொல்லாதே. மனம் நோகுது.

இரவு ஓட்டத்தை இன்றோடு விடு. மாதத்துக்கு இவ்வளவு என்று நீ அனுப்பியதில் பாதி போதும். காப்பு ஈட்டில் கிடக்கட்டும், உம்மா அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. குளிசையையும் விடு. விட்டதும் இரண்டு மூன்று நாள் அடித்துப் போட்டதுபோல் தூக்கம் வரும், சாப்பாட்டுக்கு அலைவாய். பிறகு சில கிழமைக்கு மனம் இருண்டு கிடக்கும், ஒன்றிலும் பிடிப்பு இருக்காது, திரும்ப ஒன்று போட்டால் சரியாகிவிடும் என்று தோன்றும். அது மருந்து இறங்குகிற கோலம், நீ கெட்டுப் போனதன் அடையாளம் இல்லை. அந்த நாட்களில் தனியே இருக்காதே. காக்காவின் அறைக்குப் போய்ப் படு, அவரிடம் தூக்கமில்லை என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். உயிர் வேண்டாம் என்பதுபோல ஒரு எண்ணம் எட்டிப் பார்த்தாலும், எந்த நேரமென்று பார்க்காமல் எனக்கு அடி. டைக்குளோபினக்கை நிறுத்து. குறுக்குக்கு பரசிட்டமோல், சுடுதண்ணீர் ஒத்தடம், பெட்டியைக் குனிந்து தூக்காமல் குந்தித் தூக்குவது. தண்ணீரைத் தாகம் வரும்வரை காத்திராமல் குடி.

கம்பனி கட்டாயம் எடுத்துத் தர வேண்டிய இன்சூரன்ஸ் அட்டை உன்னிடம் இருக்கிறதுதானே. அதைக் கொண்டுபோய்ப் பிரஷர், சீனி, கிரியேட்டினின், சலத்தில் புரதம், நாலையும் பார். வாப்பா மறைத்ததுபோல மறைக்காதே. இந்த வயசில் கண்டால் மருந்தாலும் சாப்பாட்டாலும் பிடித்து வைக்கலாம். கண்டபிறகும் வேலை செய்யலாம். வாப்பாவுக்கு வேலை போனது சீனியால் இல்லை, மூன்று வருஷம் அதை மறைத்ததால்.

பிறகு வேலையைப் பற்றி. சம்மாந்துறை டெக்னிக்கல் கொலேஜில் ஏ.சி. வேலை படித்து என்.வி.கியூ. 4 எடுத்தவன் நீ. அந்தச் சான்றிதழ் என் அலுமாரியில் பொலித்தீனுக்குள் இருக்கிறது. ஏஜென்ட் சொன்ன வேலை ஒன்று, அங்கே போய்ப் பார்த்தால் பெட்டி தூக்குகிற வேலை. காசு வந்தால் போதும் என்று நீ இருந்துவிட்டாய். 2021 மார்ச்சுக்குப் பிறகு அங்கே ஒரு வருஷம் முடித்தவன் முதலாளியின் சம்மதமில்லாமலே முறைப்படி அறிவித்தல் கொடுத்து வேறு கம்பனிக்கு மாறலாம். வீட்டு வேலைக்காரர், வீட்டுச் சாரதிமார் போன்றவர்களுக்கு அந்தச் சட்டம் இல்லை, உனக்கு இருக்கிறது. மூன்று வருஷமாகிறது. சான்றிதழை ஸ்கான் பண்ணி அனுப்புகிறேன். அந்த நாட்டில் ஏ.சி. வேலை தெரிந்தவனுக்கா வேலை இல்லை? கிடைக்காவிட்டால் வந்துவிடு. வந்தால் சனம் என்ன சொல்லும் என்று பார்க்காதே. வெறுங்கையோடு வந்தான் என்று இரண்டு கிழமை கதைப்பார்கள், பிறகு வேறு ஆளைப் பிடித்துக்கொள்வார்கள். இங்கே மனநல டொக்டர் ஒருவரிடம் உன் பெயரைச் சொல்லாமல் கேட்டு வைத்திருக்கிறேன். ஏச்சில்லாமல் பார்க்கிற நல்ல மனுசன்.

குளிசை விசயத்தை உம்மாவுக்குச் சொல்ல மாட்டேன். நீயாக ஒரு நாள் சொன்னால் சொல். எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. அந்த லொறிக்காரனை என் கையில் கிடைத்தால் என்ன செய்வேனோ தெரியாது. ஆனால் நீ "ரெண்டு தரம்தான்" என்று என்னிடம் சொல்லிவிட்டாயே, பொய் சொல்லித் தப்பியிருக்கலாமே, சொல்லிவிட்டாய். அதை நினைத்துத்தான் இந்த நாலு நாளும் டியூட்டிக்குப் போய் வருகிறேன்.

காக்காவிடம் கொடுத்தனுப்பும் சாமான்: மாசிச் சம்பல் ஒரு போத்தல், உம்மா காயவைத்த சூடைக் கருவாடு, தங்கச்சி கிண்டிய தொதல், உன் சான்றிதழின் கொப்பி. குளிசை ஒன்றும் இல்லை. பொதியை நானே அவர் முன்னால் பிரித்துக் காட்டிக் கட்டினேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நேரே கிளினிக்குக்குப் போய்ப் பிரஷர் பார்த்து, மீட்டரைப் படமெடுத்து அனுப்பு. இலக்கம் எதுவாக இருந்தாலும் அனுப்பு. அன்றைக்கு எனக்குப் பின்னேர டியூட்டி, போனைச் சட்டைப் பையில் வைத்திருப்பேன்.

உன்,
ராத்தா